நட்ட கல்லும் எறிந்த கல்லும்

சேலம் சீமையின் ஜீவராசிகள் – வரலாற்றுத் தொடர்
அத்தியாயம் 14

சென்ற இதழில் மேச்சேரி ஆட்டின் கதையைச் சொல்லி வந்தபோது, இருள் கவிந்த ஒரு மேட்டாங்காட்டில், படல் கட்டி அடைத்த பட்டியின் வாயிலில், முன்னங்கால்களின்மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்த நாயோடு நிறுத்தியிருந்தேன். ஆட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவன் அந்த நாயைத் தாண்டி மேலே நடக்க முடியாது. ஓநாயும் குள்ளநரியும் உலவிய காலத்தில், இந்தச் சமவெளியின் குடியானவன் கண்ணயர்ந்து உறங்கினான் என்றால், அது அவன் வீட்டு வாசலிலும் பட்டியின் வாசலிலும் உறங்காமல் கிடந்த ஒரு ஜீவனின் உபகாரம். அந்த உபகாரத்துக்கு நாம் செய்த பிரதியுபகாரம் என்ன என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நம் நாட்டில் நாயின் சரித்திரம் முழுவதையும் இரண்டு கற்களுக்கு இடையே அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒன்று அதற்காக நட்ட கல். மற்றொன்று அதன்மேல் எறிந்த கல். முதற்கல்லை நட்ட கைகளே காலப்போக்கில் இரண்டாவது கல்லை எறியும் கைகளாக எப்படி மாறின என்பதைத் தெரிந்துகொண்டால், அந்தக் கையை மறுபடியும் தாழ்த்துவதற்கான வழியும் தெரியும்.

முதற்கல்லைப் பார்ப்போம். பழைய சேலம் ஜில்லாவின் ஊத்தங்கரைத் தாலுகாவை அடுத்து, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே ஒரு நடுகல் எழுந்தது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு பொருது மடிந்த ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. தொறுப்பூசலில் இறந்தவனுக்குக் கல் நடுவது அக்காலத்து வழக்கமே. ஆகையால் அதில் அதிசயம் இல்லை. வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் அந்த வீரனின் உருவத்தருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருப்பதும், அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்றும் தனியே ஒரு சாசனம் பொறித்து வைத்திருப்பதுமே அதிசயம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் வாழ்ந்த எத்தனையோ பிரபுக்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும். பெயர் சொல்லி அழைத்தார்கள், அழைத்த குரலுக்கு அது வந்தது, வந்து நின்ற இடத்தில் கடமையைச் செய்தது, செய்ததை ஊரார் மறக்கவில்லை என்ற இவ்வளவு செய்தியும் அந்த ஒரு வரியில் அடங்கிக் கிடக்கிறது.

இதற்கு முந்நூறு ஆண்டுகள் பின்னே, 949-ஆம் ஆண்டில், தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்யன் மாண்ட பிறகு, வென்ற பக்கத்துக் கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனைப் பார்த்து, ‘உனக்கு வேண்டியதைக் கேள்’ என்று சொல்ல, அவன் கேட்டது ஊரையோ பொன்னையோ அல்ல. காளி என்னும் வேட்டை நாயை. அந்தக் காளி ஒரு பெருங்காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தபோது, கன்னட நாட்டு ஆதக்கூரில் சிவாலயத்தின் முன்னே அதற்குக் கல் நட்டு, நிலமும் மானியமாக விட்டு, அந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் அர்ச்சகர் உணவு கொண்டால் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். அந்தக் கல் இன்று பெங்களூர் அரசாங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நாயின் நினைவுக்கு முன்னே மனிதன் பசியோடு காத்து நிற்க வேண்டும் என்று விதித்த சமூகம், நாயை அற்பமாக எண்ணிய சமூகம் அன்று.

ஆயினும், நம் முன்னோர் நாயிடத்தில் ஒரே மனத்தோடு இருந்தார்கள் என்று சொல்வது சத்தியத்துக்கு விரோதமாகும். பைரவரின் வாகனமாக வைத்து வணங்கியவர்களே, ‘நாயே’ என்பதைவிடப் பெரிய வசை இல்லை என்றும் வைத்தார்கள். அதியமான்கோட்டைக் காலபைரவர் சந்நிதியில் தேய்பிறை அஷ்டமியன்று கைகூப்பி நிற்பவர், வெளியே வந்ததும் கோயில் வாசலில் படுத்திருக்கும் நாயைக் காலால் உதைத்து விலக்குவதைக் காணலாம். ஆனால் நாலடியார் பாடிய சமண முனிவர்களின் நெஞ்சம் வேறு விதமாக எண்ணியது. நண்பர்களைத் தேர்ந்து கொள்ளும் முறையைச் சொல்ல வந்த இடத்தில், யானை போன்றவர் நட்பை நீக்கி நாய் போன்றவர் நட்பைக் கொள்ளுங்கள் என்று உபதேசித்து, தன்னைப் புண்படுத்தியவன் யஜமானன் என்று அறிந்தால் புண்ணையும் மறந்து அன்பு காட்டும் குணத்தை அதற்குக் காரணமாக அவர்கள் கூறினார்கள். ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்ற பழமொழிக்கு, சிலையில் கல்லைப் பார்ப்பவனுக்கு நாயகன் தெரிவதில்லை என்று தத்துவப் பொருள் சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஆனால் தெருவிலே சிறுவர்கள் அறிந்த பொருள் ஒன்றுதான். நாயைக் கண்டால் கை கல்லைத் தேடுகிறது.

என் கையும் தேடியது. ராசிபுரத்துக்கு மேற்கே, கிழக்கு வானில் போதமலை நீலமாகத் தெரியும் ஒரு கிராமத்தில், பள்ளிக்கூட விடுமுறைக் காலத்தில் நடந்த சம்பவம். எங்கள் களத்துச் சோளத்தட்டுப் போரின் அடியில் எங்கிருந்தோ வந்த ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. அருகில் போனால் உறுமியது. ஐந்தாறு சிறுவர்கள் தூரத்தில் நின்று கல்லெறிந்தோம். என் கல் அதன் முன்னங்காலில் பட்டது. அது அலறிய குரலைக் கேட்டு என் அப்பத்தா வெளியே வந்தார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய ராகிக் களியில் ஓர் உருண்டையை மோரில் கரைத்து, ஓட்டுச்சட்டியில் ஊற்றி என் கையில் கொடுத்து, “கல்லெடுத்த கையாலயே இதக் கொண்டுபோயி வெய்யி, கண்ணு. உன்னக் கண்டு அது ஓடாத நாள் வரைக்கும் தெனமும் நீதான் வெக்கோணும்” என்றார். அந்தத் தண்டனை எப்போது முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பத்தா காலத்துக் கிராமத்தில், யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்பது ஏறக்குறைய இல்லை. பட்டி நாய் பட்டிக்காரருடையது. கிளுவை வேலிக்குள் இருக்கும் தோட்டத்து நாய் தோட்டக்காரருடையது. சாவடித் திண்ணையில் கிடக்கும் நாய் ஊருக்குச் சொந்தம், மிஞ்சிய களி எந்த வீட்டிலிருந்தேனும் அதற்குப் போகும். கொடுமை அப்போதும் இருந்தது. ஆனால் ஒரு நாயை அடித்தால், ‘யார் நாயை அடித்தாய்?’ என்று கேட்க ஒருவர் இருந்தார். அந்தக் கேள்வியே அதற்குப் பாதுகாப்பு. ஊர் நகரமாகப் பெருத்து, பட்டி குறைந்து, தோட்டங்கள் மனைகளாகி, அந்தக் கேள்வியைக் கேட்பவர் எப்போது இல்லாமற்போனாரோ, அப்போதுதான் ‘தெருநாய்’ என்ற ஜாதி பிறந்தது. தெருவுக்குச் சொந்தமானது என்றால் ஒருவருக்கும் சொந்தமில்லாதது என்று பொருளாயிற்று.

இந்த மாறுதல் கும்பினியார் காலத்து நகரங்களில் தொடங்கியது. பம்பாயில் தெருநாய்களைக் கொல்வதற்குத் தலைக்கு எட்டணா வீதம் கூலி வைத்தார்கள். கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாய்களையும் விட்டு வைக்காததால், 1832-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாயைப் புனிதமாக மதிக்கும் பார்சிகள் கிளர்ந்தெழுந்து, பிற சமூகத்தாரும் சேர்ந்துகொள்ள, கடைகள் அடைபட்டு, நகரமே ஸ்தம்பித்தது. நாய்வதையை எதிர்த்து இந்திய மக்கள் தெருவில் இறங்கிய சம்பவங்களுள் அதற்கு முற்பட்டதை நான் அறியேன். அதன் பிறகும் கொல்லும் முறை நிற்கவில்லை. நகராட்சி நிர்வாகம் பரவிய இடமெல்லாம் அதுவும் பரவியது. சேலம் நகராட்சி 1866-இல் ஏற்பட்டது. சென்னை மாகாணத்து நகராட்சிகள் அனைத்துக்கும் தெருநாய்களைப் பிடித்து அழிக்கும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருந்தது. சுருக்குக் கம்பியும் கூண்டு வண்டியுமாக ஆட்கள் வரும் காலையில், தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நாய்கள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை கொடுப்பதுபோல ஓலமிட்டதைக் கேட்டவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கொல்லும் முறைகளோ, சொல்லவே நா கூசும். மின்சாரம் பாய்ச்சுவது ஒன்று. நஞ்சு வைப்பது மற்றொன்று. எட்டிக்கொட்டையின் சத்தாகிய ஸ்டிரிக்னினை நேரே இருதயத்தில் ஊசியாகக் குத்துவது இன்னொன்று. இது கற்பனையன்று, தெருநாய்களை அவ்விதம் கொல்வதைக் குற்றமாக்கிப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டிய அவசியம் இந்தியச் சட்டத்துக்கே ஏற்பட்டது என்றால், அது எவ்வளவு சாதாரணமாக நடந்திருக்க வேண்டும்!

நகர நிர்வாகிகள் எல்லோரையும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பின்னே ஒரு பெரும் பயம் நின்றது. வெறிநாய்க்கடி என்ற அந்த வியாதி குறி காட்டத் தொடங்கிவிட்டால் அதன்பின் பிழைத்தவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம். 1885-இல் பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர் தடுப்பூசியால் ஒரு சிறுவனைக் காப்பாற்றிய பிறகும், நம்மவருக்கு அந்த மருந்து எட்டாத தூரத்திலேயே இருந்தது. 1900-இல் வடக்கே கசௌலியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டாருக்கு அருகில் ஒரு புகலிடம் உண்டாயிற்று. அதன்பின் நெடுங்காலம், ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் நாளொன்றுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசிகள் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்ற சொற்றொடர் நம் பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளைகளை மிரட்டும் மந்திரமாகவே ஆகிவிட்டது. எறிந்த கற்களில் பாதி குரூரத்தால் எறிந்தவை. மற்றப் பாதி பயத்தால் எறிந்தவை. ஆகையால் பயத்தைப் போக்காமல் குரூரத்தை மட்டும் கண்டிப்பது பாதி வைத்தியமே.

இனிச் சட்டத்தின் கதை. பிராணிகளைக் காக்கும் முதற்சட்டத்தை 1822-இல் இயற்றிய இங்கிலாந்து, அதில் மாட்டையும் குதிரையையும் ஆட்டையும் சேர்த்ததே தவிர நாயைச் சேர்க்கவில்லை. 1835-இல்தான் நாய் சேர்ந்தது, நாய்ச்சண்டையும் தடைப்பட்டது. லண்டன் தெருக்களில் சிறு வியாபாரிகளின் வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்த நாய்களை நுகத்திலிருந்து விடுவிக்க 1839 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தேசத்தில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவர் கல்கத்தாவில் 1861-இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். சென்னையிலும் அத்தகைய சங்கம் எழுந்தது. 1890-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வை தெருவோடு நின்றது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ, அவர்கள் கண்ணில் படும்படியோ செய்த கொடுமைதான் குற்றம். கதவடைத்துச் செய்தது குற்றமன்று. புண்ணோடு பாரமிழுக்கும் வண்டிமாட்டையும் ஜட்கா குதிரையையும் கண்ட அளவுக்கு, வண்டியின் அடியில் சுருண்டு கிடந்த நாயை அந்தச் சட்டம் காணவில்லை.

இந்த இடத்தில், நாடு முழுவதையும் உலுக்கிய ஒரு விவாதத்தைச் சொல்ல வேண்டும். 1926-இல் ஆமதாபாத்து ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலையைச் சூழ்ந்த அறுபது நாய்களைக் கொல்வித்தார். ஜீவகாருண்ய சங்கத்தார் காந்தியடிகளிடம் முறையிட்டார்கள். அஹிம்சையின் ஆசாரியர் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, ‘வேறு வழியில்லாத நிலையில் அவர் வேறென்ன செய்வார்?’ என்னும் கருத்தே விடையாகக் கிடைத்தது. தேசமெங்குமிருந்து கோபக் கடிதங்கள் குவிந்தன. ‘யங் இந்தியா’வில் வாரந்தோறும் எழுதி அவர் விளக்கிய சாரம் இது: யஜமானனில்லாமல் திரியும் நாய் சமூகத்தின் அசிரத்தைக்கு அடையாளம், போகிற போக்கில் ஒரு ரொட்டித் துண்டை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைப்பது கருணை ஆகாது, மெய்யாகவே நாயின்மேல் அன்பு உடையவர் அதை வளர்க்க வேண்டும், இயலாதாயின் வளர்க்கும் ஸ்தாபனத்துக்குப் பொருள் தர வேண்டும். கொலையைப் பற்றி அவர் கொண்ட முடிவை நான் ஏற்கவில்லை. அன்று கண்முன் இல்லாதிருந்த வேறொரு வழி இன்று இருக்கிறது என்பதே அதற்குக் காரணம். அதனைச் சற்றுப் பொறுத்துச் சொல்வேன். ஆனால் நோயின் வேரை அவர்போலத் தொட்டுக் காட்டியவர் இல்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் இரக்கமும் ஒரு வகைக் கொடுமையாகவே முடிகிறது. அந்த விவாதம் நடந்த நாளில், நம் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், சேலம் நகராட்சித் தலைவராக முன்பு இருந்த ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமத்துக்கு வயது ஒன்றுதான். சமூகத்தின் நோய்க்குச் சமூகமே பொறுப்பு என்ற அதே தர்மத்தின்மேல் அந்த ஆசிரமம் கதரையும் மதுவிலக்கையும் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1937-இல் மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமலானபோது, ஒரு சட்டம் வெற்றிபெற வேண்டுமானால் அதைக் காக்க வீட்டுக்கு வீடு மனிதர்கள் வேண்டும் என்பதை இந்தச் சீமை கண்டது. நாயைக் காக்கும் சட்டத்துக்கு அத்தகைய மனிதர் கூட்டம் அன்று வாய்க்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவி, பரதக்கலைக்குப் புத்துயிர் ஊட்டிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டதும், தமக்குக் கிடைத்த அந்த மேடையை வாயில்லா ஜீவன்களுக்காகப் பிரயோகித்தார். அவர் கொண்டுவந்த தனி மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்ட பிரதமர் நேரு, அதற்கு ஈடாகச் சர்க்காரே ஒரு குழு அமைத்துச் சட்டம் கொண்டுவரும் என்று வாக்களித்தார். அந்த வாக்கு சட்டமாக ஆவதற்குள் 1957 நவம்பரில், மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட லைகா என்னும் அநாதை நாயை ருஷிய விஞ்ஞானிகள் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். திரும்பி வர வழியே செய்யாமல் அனுப்பினார்கள். குளிரையும் பசியையும் தெருவில் தாங்கிப் பழகிய உடம்பு என்பதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. வெப்பம் தாளாமல் சில மணி நேரத்தில் அது மாண்டது என்ற உண்மை 2002-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. கேட்பாரற்ற ஜீவனைச் சுரண்டுவதில் தெருச் சிறுவனுக்கும் வல்லரசுக்கும் பேதமில்லை என்று நான் எண்ணுகிறேன்.

1960 டிசம்பர் 26-ஆம் நாள் மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றது. அடிப்பது, உதைப்பது, பட்டினி போடுவது, ஓயாமல் சங்கிலியில் கட்டி வைப்பது, வளர்த்ததைக் கைவிடுவது ஆகிய யாவும் குற்றங்களாயின. வீட்டுக்குள்ளே நடந்தாலும் குற்றமே. 1962-இல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டது; 1986-இல் தம் உயிர் பிரியும் வரை ருக்மிணி தேவியே அதன் தலைவர். ஆயினும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவு திறந்து கிடந்தது. தெருநாய்களைக் கொல்கூடத்தில் அழிப்பது குற்றமாகாது என்ற விதிவிலக்கே அந்தக் கதவு. மேலும், முதற்குற்றத்துக்கு இன்றும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரையில் மட்டுமே. ஒரு ஜீவனின் காலை முறித்தவன் அந்தச் சட்டத்தின்கீழ்ச் செலுத்துவது ஒருவேளைச் சாப்பாட்டின் விலை என்றால், நீதியைப் பற்றி அவன் என்ன அபிப்பிராயம் கொள்வான்? பிராணியைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்தாண்டு வரையில் சிறை என்று 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவு கூறுவது ஓரளவு ஆறுதல்.

காந்தியடிகள் காலத்தில் இல்லாத வேறொரு வழி என்று சொன்னேனே, அது சென்னையில் பிறந்தது. வெள்ளம் ஓடிய ஒரு தெருவில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றிய விமானி கேப்டன் சுந்தரம், தம் மனைவி உஷாவோடும் பிள்ளைகளோடும் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதலாகவே ஒரு யோசனையைச் சொல்லி வந்தது: கொல்லாதீர்கள்; பிடித்துக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்குச் செவிசாய்ப்பவர் இல்லை. ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. ஒரு தெருவின் நாய்களை அழித்தால், அங்கே சிந்தும் உணவு அப்படியே கிடக்க, பக்கத்துத் தெரு நாய்கள் வந்து குடியேறும். ஊசி போடாத, பழக்கமில்லாத புது நாய்கள் அவை. ஒரு பெட்டை ஆண்டுக்கு இருமுறை ஈன்று காலியிடத்தை நிரப்பிவிடும். கொன்று குவித்ததால் வெறிநோய் குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் 1992-இல் சொல்லிற்று. 1996-இல் சென்னை மாநகராட்சி இணங்கியது. 2001-இல் அதுவே தேசத்தின் விதியாயிற்று. 2023-இல் புதிய விதிகளாக விரிந்தது. காது நுனியில் சிறு வெட்டோடு தெருவில் படுத்திருக்கும் நாயைக் கண்டால், அந்த வெட்டை ஊனமென்று எண்ண வேண்டாம். இனி இதனால் பெருக்கம் இல்லை, பயமும் குறைவு என்று அதன்மேல் எழுதிய சாசனம் அது.

கொல்வது மட்டுமே கொடுமையன்று. விற்பதற்காக ஈனவைப்பதும் கொடுமைதான். விலையுயர்ந்த ஜாதிக் குட்டிகளுக்கு ஆசைப்படும் இந்நாளில், ஒரு பெட்டையை இருட்டுக் கொட்டடியில் அடைத்து, உடம்பு தேறுமுன்னே மறுபடியும் சினைப்படுத்தி, ஈன்று ஓய்ந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பதினெட்டு மாதம் நிரம்பாமலும் எட்டு வயதுக்கு மேலும் சினைப்படுத்தக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. குட்டி வாங்கப் போகிறவர் ‘தாயைக் காட்டுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டால், அந்த விதிகளில் பாதி அன்றைக்கே அமலாகிவிடும். சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் நம் வெயிலுக்கு ஏற்ற உடம்போடு நம் மண்ணிலே தோன்றியிருக்க, பனி தேசத்து நாயைத் தருவித்து சேலத்துக் கோடையில் மொட்டைமாடியில் கட்டிவைப்பதும் சித்திரவதையின் ஒரு வகையே.

இன்றைய சமவெளியின் நிலை என்ன? நாமக்கல் சீமை நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகிறது. அதனோடு செத்த கோழியும் இறைச்சிக் கழிவும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டப்படும் இடங்களில், அவற்றை உண்டு கூட்டங்கூட்டமாக நாய்கள் பெருகுகின்றன. கொங்குச் சீமையின் திருப்பூர், ஈரோடு பகுதிகளில் அந்தக் கூட்டங்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கிழித்துப் போட, பட்டிக்காரர்கள் செத்த ஆடுகளை ஏந்திச் சாலையில் அமர்ந்து போராடினார்கள்; அரசு இழப்பீடு அறிவிக்க நேர்ந்தது. பட்டியைக் காத்த இனமே பட்டியை அழிக்க வந்ததைப் போன்ற துயரம் வேறில்லை. நாயின் குணம் மாறிவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதற்குப் பெயரும் வேலையும் சோறும் கொடுத்து வந்த கை விலகியதே காரணம். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாய்க்கடிக்கு ஆளானவர் சுமார் 4.8 லட்சம் பேர்; வெறிநோயால் இறந்தவர் 43 பேர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ஜீவகாருண்யம் பேச எனக்கு நா எழாது. அவளுடைய கண்ணீருக்கும் கால் முறிந்த நாயின் ஓலத்துக்கும் மூலம் ஒன்றே என்பதைத்தான் மற்றவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன்.

2025-இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரச்சினையில் தலையிட்டது. தில்லித் தெருக்களின் நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி ஆகஸ்ட் 11-இல் பிறந்த உத்தரவு, ஆகஸ்ட் 22-இல் திருத்தம் பெற்றது. வெறிநோயோ மூர்க்க குணமோ உள்ளவை நீங்கலாக, கருத்தடையும் ஊசியும் முடிந்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம், உணவிடுவதற்குக் குறித்த இடங்கள் வேண்டும் என்று ஆயிற்று. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கும்படி மற்றோர் உத்தரவு வந்தது. எந்த உத்தரவானாலும் அதை நிறைவேற்றுவதற்கு வேண்டியவை நம்மிடம் இல்லாமலில்லை. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அறுவை செய்யக் கற்ற கைகள் ஆண்டுதோறும் அங்கிருந்து வெளிவருகின்றன. நகரங்களோடு ஊராட்சிகளுக்கும் கருத்தடை மையம் எட்ட வேண்டும். பத்தில் ஏழு நாய்க்கேனும் ஊசி போட வேண்டும். கோழிக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டுவதை நிறுத்த வேண்டும். கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இவை நடந்தால் பயம் விலகும். பயம் விலகினால் கல்லுக்கு வேலையில்லை.

அப்பத்தாவின் தண்டனைக்கு வருகிறேன். தை நோன்புக்கு மறுநாள் தொடங்கியது அது. முதல் நாள்களில் நான் சட்டியை வைத்துவிட்டுக் கண்மறைந்த பிறகே அந்த நாய் நொண்டிக்கொண்டு வந்து தின்றது. விடுமுறை தீர்ந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய் வைத்தேன். மற்ற நாள்களில் என் பெயரைச் சொல்லி அப்பத்தா வைத்தார். மாசி சிவராத்திரியன்று நான் களத்தில் இறங்கியபோது, அது எழுந்து, ஓடாமல், முன்னங்காலைச் சிறிது தூக்கியபடியே என்னை நோக்கி வந்தது. அப்பத்தா அதற்கு வெள்ளையம்மா என்று பெயர் வைத்திருந்தார். அன்று முதல் அது எங்கள் களத்து நாய். அதை அடித்தால் கேட்பதற்கு ஒரு வீடு உண்டு. சட்டம் விதிக்கும் ஐம்பது ரூபாய் அந்த வேலையைச் செய்திருக்காது. கோவிவனுக்குக் கல் நட்ட எடுத்தனூர்க்காரர்கள் செய்ததும், வெள்ளையம்மாளுக்குப் பெயரிட்ட அப்பத்தா செய்ததும் ஒன்றே என்பதை இந்த அத்தியாயத்தை எழுதும்போதுதான் உணர்ந்தேன்.

அடுத்த இதழில், சங்ககிரி மலையடிவாரத்தில் சுண்ணாம்புக் கல் ஏற்றிய பார வண்டிகளையும், அவற்றை இழுத்த மாடுகளையும் பற்றிச் சொல்வேன்.

(தொடரும்)